பத்து வரை எண்ணுகிற வேலை

சட்டைக்குக் காஜா எடுப்பது, அதாவது பொத்தான் நுழைகிற துளையைச் சுற்றி ஊசியால் நூல் கட்டுவது, ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை. அதற்காகவேதான் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். தெருவில் எல்லோருக்கும் அவள் காஜா அக்கா ஆனது அப்படித்தான். கட்டிலில் அவள் கணவர் இருந்தார்.

அவர் பஸ் டிரைவராக இருந்தவர். நாற்பத்தேழு வயதில் ஒருநாள் காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. பக்கவாதம். வலது பக்கம் போயிற்று, கூடவே பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல்: "சரி." பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் வந்து எதிரே நின்றாலும் சரி, அவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒன்று மட்டும்தான்.

மீதியையெல்லாம் அக்கா பேசினாள். டாக்டர் அவரைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள், நன்றாகத் தூங்கினார், காலையில்தான் லேசாக இருமல் என்று அக்காவின் பதில் வந்துவிடும். பார்க்க வந்தவர்களிடம், அவருக்கு இப்போதெல்லாம் காபி பிடிப்பதில்லை, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, கிரிக்கெட் பார்த்தால் தலை வலிக்கிறது என்று அவளே சொன்னாள். அவர் "சரி" என்பார். பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் அம்மா ஒருமுறை கேலியாகச் சொன்னாள்: "உங்க வீட்டுக்காரருக்கு வாய் எங்கயும் போகலக்கா. உங்ககிட்ட குடிவந்துடுச்சு." அக்காவும் சேர்ந்து சிரித்தாள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒன்பது வருஷம். விடியற்காலை ஐந்தரைக்கு அவரை இடப்பக்கம் புரட்ட வேண்டும், ஏழு மணிக்குத் துடைத்துவிட வேண்டும், எட்டுக்குக் கஞ்சி, பத்துக்கு நாற்காலியில் உட்கார வைத்து ஜன்னல் பக்கம் தள்ள வேண்டும். அந்த வரிசை ஒருநாளும் பிசகியதில்லை. ஒரு வியாழக்கிழமை மதியம் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு வெள்ளைச் சட்டையின் ஐந்தாவது துளையில் இருந்தாள். நூலைக் கடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு மகள் அம்மாவைத் தன்னுடன் அழைத்துக்கொண்டு போனாள். மருமகன் தங்கமான பிள்ளை. இருந்தாலும் அந்த வீட்டில் தம்ளர் எங்கே இருக்கிறது என்றுகூட அக்கா கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அங்கே போன பதினோராம் நாள், வீட்டைப் பூட்டிப் போட்டால் தூசி அடையும் என்று ஒரு சாக்குச் சொல்லிக் கிளம்பிவிட்டாள். மகளும் அதிகம் வற்புறுத்தவில்லை.

திரும்பி வந்த வீட்டில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும். யாரைப் புரட்டுவது? டீவியை ஓடவிட்டாள், பார்ப்பதற்காக இல்லை, யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்றுதான். அந்த வருஷமே தையல்காரர்கள் ஒவ்வொருவராகக் காஜா மெஷின் வாங்கினார்கள். கடைசியாக விட்டுப்போனவர் நல்ல மனிதர். மெஷினில் எடுத்த சட்டையைக் கொண்டுவந்து காட்டி, பார்த்தால் வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டார். அக்கா துளையை விரலால் தடவிப் பார்த்தாள். தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னாள்.

இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளிக்கூடத்தில் நடக்க முடியாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று டைப்பிஸ்ட் அம்மா சொன்னதும், அவருடைய சக்கர நாற்காலியை அங்கே கொடுத்துவிடலாம் என்று அக்கா முடிவு செய்தாள். காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெருவில் நடந்தபோது எதிரே வந்தவர்கள் பழக்கதோஷத்தில் விலகி வழிவிட்டார்கள். யாரைக் கூட்டிவரப் போகிறாய் என்று ஒருவர் கேட்டார். அக்கா வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

பள்ளி வாசலில் மூன்று படிகள். அவள் நாற்காலியைத் திருப்பி, பின்சக்கரத்தைப் படியில் முட்டக் கொடுத்து, ஒரே மூச்சில் பின்னோக்கி இழுத்து ஏற்றியதைத் தலைமை ஆசிரியை அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியை வாங்கிக்கொண்டு, என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"பத்தாவது. அதுவும் பாஸ்னு சொல்லிக்கற மாதிரி இல்ல."

"போதும். எங்களுக்கு வகுப்புல பிள்ளைங்களோட உட்கார ஒரு ஆள் வேணும். பயிற்சி நாங்களே கொடுப்போம்."

நாற்காலியைக் கொடுக்கப் போன இடத்தில் அவளுக்கே ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது என்று டைப்பிஸ்ட் அம்மா தெரு முழுக்கச் சொன்னாள்.

பயிற்சி பத்துச் சனிக்கிழமைகள். வந்திருந்த பன்னிரண்டு பேரில் அக்காதான் மூத்தவள். மற்றவர்கள் எல்லாம் கல்லூரி முடித்த சின்னப் பெண்கள். பயிற்சி கொடுத்தவளுக்கு அவள் மகள் வயதுதான் இருக்கும். ஒருவரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது, விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஊட்டுவது, கழிப்பறையில் வெட்கப்படுத்தாமல் உதவுவது எல்லாவற்றிலும் அக்காவைக் கூப்பிட்டுத்தான் மற்றவர்களுக்குச் செய்து காட்டச் சொன்னார்கள். அவள் கோட்டைவிட்டது ஒரே ஒரு விஷயத்தில். பேச்சு வராத ஒருவரிடம் ஒன்றைக் கேட்டால், கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும், அதுவரை வாயும் கையும் சும்மா இருக்க வேண்டும் என்றாள் பயிற்சிக்காரி. ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, ஒருவர் பேசாமல் எதையாவது கேட்க வேண்டும், மற்றவர் காத்திருந்து புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு விளையாட்டு வைத்தாள். அக்கா மூன்று எண்ணுவதற்குள் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டாள். எதிரே இருந்த பெண்ணுக்கு வேண்டியிருந்தது ஜன்னலைச் சாத்துவது. எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தாள். இதெல்லாம் படித்தவர்கள் வைக்கிற விளையாட்டு, நிஜத்தில் பார்த்தவுடனே தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறாம் வகுப்பில் அவளுக்குக் கொடுத்த பெண்பிள்ளையை எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் அப்பா வைத்த பட்டம், பள்ளிக்கும் வந்துவிட்டது. பதினோரு வயது. பிறந்தபோதே மூச்சுத் திணறியதில், கை கால் தசைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பேச்சு வரும், ஆனால் வாய் ஒவ்வொரு சொல்லாகத் திரட்டித்தான் வெளியே விடும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகும். அந்த ஒரு நிமிஷம் பொறுத்திருந்தவர்களுக்குத்தான் அவள் ஏன் வக்கீல் என்பது தெரியும். எதையும் சும்மா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

கதவுக்குப் பக்கத்தில் வக்கீலின் மேஜை. அதற்கு இடப்பக்கம் அக்காவின் நாற்காலி. காலையில் வேனிலிருந்து இறக்குவதில் தொடங்கும் வேலை. இடுப்புப் பட்டையைச் சரிசெய்து, சாய்வுப் பலகையை மேஜையில் வைத்து, ஸ்பாஞ்ச் சுற்றிய பென்சிலை விரல்களுக்கிடையில் பொருத்தி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுவாள். பிறகு டீச்சர் கேள்வி கேட்டால் வக்கீலுக்குப் பதிலாகக் கையைத் தூக்குவாள். வக்கீல் முதல் சொல்லைத் திரட்டும்போதே மீதி வாக்கியத்தை முடித்துவைப்பாள். இரண்டு வாரத்தில் டீச்சர்களும் பழகிவிட்டார்கள். "அவளுக்குப் புரிஞ்சுதா?" என்று அக்காவைப் பார்த்தே கேட்டார்கள். "புரிஞ்சுது டீச்சர்" என்று அக்கா சொன்னாள்.

மதியச் சாப்பாடு கூடத்தின் ஓரத்தில் ஒரு தனி மேஜையில். இரண்டே பேர். அக்கா ஒரு வாய் ஊட்டிவிட்டு, நாப்கினால் முகவாயைத் துடைத்து, தான் ஒரு வாய் சாப்பிடுவாள். தெருவில் நடந்தது, டைப்பிஸ்ட் அம்மா சொன்னது, கடையில் பார்த்தது என்று பேசிக்கொண்டே இருப்பாள். நீண்ட நாளைக்குப் பிறகு ஒருவேளை உணவை இன்னொருவரோடு சாப்பிட்டாள். அந்த மாதங்களில் அவள் டீவியைப் போடுவதையே மறந்துபோனாள். வக்கீலும் தன்னைப் போலத் தனியாள்தான், ஒருவருக்கொருவர் துணை என்று எண்ணிக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் ஏன் அந்த மேஜைப் பக்கம் வருவதில்லை என்று அவள் யோசிக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒருநாள் வரலாற்று டீச்சர், வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து ஒரு வழக்கு விசாரணையை நடித்துக் காட்டச் சொன்னார். யாருக்கு என்ன வேஷம் வேண்டும் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தவர் வக்கீலிடம் வந்து நின்றார். வக்கீலின் தோள் விறைத்தது, வாய் கோணி, "நா…" என்று ஆரம்பித்தாள்.

"அவளால முடியாது டீச்சர்" என்றாள் அக்கா. "ரொம்பக் களைச்சுடுவா. நாங்க உட்கார்ந்து பார்க்கிறோம்."

டீச்சர் தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

மதியம் வக்கீல் வாயைத் திறக்கவில்லை. கரண்டி உதட்டில் பட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காய்ச்சலா, வயிற்று வலியா, சாப்பாடு பிடிக்கவில்லையா என்று அக்கா மூன்று கேள்விகளை மூச்சுவிடாமல் கேட்டாள். வக்கீல் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு பேசினாள். கூடத்தில் மற்றவர்கள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு ஓடும் அளவுக்கு நேரம் பிடித்தது.

"நான்… அதைச்… சொல்லல."

அக்கா வாயைத் திறந்தாள். வக்கீல் தலையை ஆட்டி நிறுத்தினாள். இன்னும் இருந்தது.

"நீங்க… பக்கத்துல… இருந்தா… யாரும்… வர… மாட்டாங்க."

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. கரண்டியைக் கழுவி வைத்தாள். மாலை வேன் வரும்வரை செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கூடத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அவருடைய கடைசி வருஷம். கட்டிலில் கிடந்தவர் இடது கையைத் தூக்கி எதையோ காட்டி "சரி" என்றார். அக்கா தண்ணீர் கொடுத்தாள். தள்ளிவிட்டார். தலையணையை உயர்த்தினாள், ஃபேனைக் குறைத்தாள், துணியை மாற்றினாள். ஒவ்வொன்றுக்கும் "சரி, சரி, சரி" என்று குரல் ஏறிக்கொண்டே போயிற்று. கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் கையைக் கீழே போட்டுவிட்டு, மெதுவாக ஒரு "சரி" சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று மகளிடம் ஃபோனில், உங்கப்பாவுக்கு இன்றைக்கு ஒரே அடம் என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

அவர் கை நீட்டிய பக்கம் சுவர் அலமாரி இருந்தது. அக்கா எழுந்துபோய் அதைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். டிரைவிங் லைசென்ஸ், டார்ச் லைட், மகளின் பள்ளிக்கூட ஃபோட்டோக்கள், ஸ்பானர் பை, பாதி தீர்ந்த ஷூ பாலிஷ், பழைய சீட்டுக்கட்டு. இதில் எதுவாகவும் இருந்திருக்கலாம். அலமாரியே இல்லாமல் அதற்கு மேலிருந்த ஜன்னலாகவும் இருந்திருக்கலாம். காபி பிடிக்காமல் போனது அவருக்கா, அல்லது காபி போடுகிற நேரத்தில் தனக்கு வேறு வேலை இருந்ததா என்பதுகூட இப்போது அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவள் பத்து வரை எண்ணியதில்லை. இனி எண்ணிப் பிரயோஜனமும் இல்லை.

மகளுக்கு ஃபோன் போட்டாள். பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்ன மகள், "என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

அந்தச் சீட்டுக்கட்டையும் டார்ச்சையும் திரும்ப அடுக்கிவைத்துவிட்டு, வேலையை விட்டுவிடுவது என்று அக்கா முடிவு செய்தாள்.

மறுநாள் தலைமை ஆசிரியை வருவதற்குள் வேன் வந்துவிட்டது. வக்கீலை இறக்கி, வகுப்புக்குத் தள்ளிக்கொண்டு போய், மேஜையில் பலகையை வைத்த பிறகு அக்கா அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"நான் எங்க உட்காரட்டும்?"

ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். பிள்ளைகள் ஓடிவந்து பையை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து வந்தது, போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருந்தாள். பதினேழில் பதில் வந்தது.

"பின்னாடி."

ராஜினாமா பேச்சு அதோடு தள்ளிப்போயிற்று. அக்கா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடைசிச் சுவரோரம், வரைபடங்கள் சுருட்டி வைக்கிற பீரோவுக்குப் பக்கத்தில் போட்டாள். கணக்கு டீச்சருக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்வதற்குத்தானே உங்களை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். அவள்தான் இங்கே உட்காரச் சொன்னாள் என்று அக்கா பதில் சொன்னாள். டீச்சர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் "ஆமா" என்று சொல்லி முடிக்கும்வரை அவரும் நிற்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் நாள் வக்கீலின் பென்சில் உருண்டு கீழே விழுந்தது. அக்காவின் கால்கள் தாமாகவே எழப் பார்த்தன. பீரோவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன் பெஞ்சில் ஒரு வாயாடி இருந்தாள். எந்த டீச்சர் வந்தாலும் நாளுக்கு நான்கு முறை திட்டு வாங்குகிறவள். அவள் குனிந்து பென்சிலை எடுத்து, அதில் சுற்றியிருந்த ஸ்பாஞ்சைப் பிசைந்து பார்த்து, இது எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். வக்கீல் பதிலைத் திரட்ட ஆரம்பித்தாள். அந்த வாயாடி வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு காத்திருந்ததை அக்கா பின்சுவரிலிருந்து பார்த்தாள்.

வரலாற்று டீச்சரின் வழக்கில் வக்கீல் நீதிபதியாக உட்கார்ந்தாள். வேஷம் தீர்ந்துபோய்விட்டது என்று சொல்லிப் பார்த்தார்கள், அவள் ஒத்துக்கொள்ளவில்லை. தீர்ப்புச் சொல்ல நான்கு நிமிஷம் ஆயிற்று, மணி அடித்த பிறகும் வகுப்பு கலையவில்லை.

எல்லாமே அப்படி நல்லபடியாகவும் போய்விடவில்லை. ஒருநாள் மதியம் வாயாடி வக்கீலுக்கு ஊட்ட, பெண்கள் ஆறேழு பேர் அந்த மேஜையில் சேர்ந்து சாப்பிடும்போது யாரோ சொன்னதற்குச் சிரித்து வக்கீலுக்குப் புரையேறியது. முகம் நீலம் பாரித்தது. அக்கா எதையும் எண்ணவில்லை; ஓடிப்போய் நாற்காலியைத் திருப்பி, அவளை முன்னால் சாய்த்து, முதுகில் ஓங்கித் தட்டி, சிக்கியிருந்ததை வெளியே எடுத்தாள். பயந்துபோன பெண்கள் இரண்டு நாள் அந்த மேஜைப் பக்கமே வரவில்லை. வக்கீல் அந்த இரண்டு நாளும் அக்காவை முறைத்தாள். காப்பாற்றியதற்கு முறைப்பா என்று அக்காவுக்குக் கண் கலங்கியது. மூன்றாம் நாள் வாயாடி தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். அதற்கப்புறம் அக்கா எந்நேரமும் பார்வை எட்டுகிற தூரத்தில் நின்றாள், கிட்டே போகவில்லை.

ஆண்டு முடியும் சமயம் கணக்கு டீச்சர் வக்கீலின் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்பினார்: "வகுப்பு நேரத்தில் பேசிக்கொண்டே இருக்கிறாள். பெற்றோர் கண்டிக்கவும்." மருந்துக் கடையில் வேலை பார்க்கும் வக்கீலின் அம்மா அன்று மாலை தானே அழைத்துப்போக வந்தபோது வாசலில் நின்றபடியே அதைப் படித்தாள். அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"இது என் பொண்ணோட டைரிதானே அக்கா?"

"அவளோடதுதான்."

அந்த அம்மா ஃபோனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் தன் கணவருக்கு அனுப்பினாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்து, வகுப்பில் பேசக்கூடாது என்று தெரியாதா என்று கேட்டாள். வக்கீல் பல் தெரியச் சிரித்தாள். அவர்கள் இருவரும் வேனில் ஏறிப்போன பிறகு, அக்கா சாய்வுப் பலகையைத் துடைத்து பீரோவில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கு யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. டைப்பிஸ்ட் அம்மா ஊரில் இல்லை.

மதியத்தில் அக்கா இப்போது வராந்தாவில், கூடம் தெரிகிற மாதிரி, கைகழுவுகிற குழாய்களுக்கு எதிரே உள்ள பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டாள். டீச்சர்கள் தங்கள் அறையில் சாப்பிட்டார்கள். அவள் டீச்சர் இல்லை. ஆயாக்கள் சமையலறைப் பக்கம் உட்கார்ந்தார்கள். அவள் ஆயாவும் இல்லை. கூடத்திலிருந்து அந்தப் பெண்களின் சிரிப்பு கேட்கும். அதில் வக்கீலின் சிரிப்பு எது என்று தனியாகப் பிரித்துக் கேட்க அவளுக்குப் பழகியிருந்தது. புரையேறவில்லை என்று தெரிந்தால் போதும்.

கடைசி வாரத்தில் கூட்டம் நடந்தது. அடுத்த வருஷம் என்னென்ன உதவி வேண்டும் என்று வக்கீலிடமே கேட்டார்கள். மேஜையைச் சுற்றி ஐந்து பேரும் காத்திருக்க, வேனிலிருந்து இறங்கவும் கழிப்பறைக்கும் மட்டும் ஆள் போதும், வகுப்பில் வேண்டாம் என்று அவள் சொன்னாள். அதை ஆயாவே பார்த்துக்கொள்வாள் என்று முடிவாயிற்று. அக்காவை இரண்டாம் வகுப்புக்கு மாற்றினார்கள். அங்கே பேசவே பேசாத, மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிற ஒரு சின்னப் பெண் இருந்தாள். உங்கள் வேலை நன்றாக நடந்ததற்கு இதுதான் அத்தாட்சி என்று தலைமை ஆசிரியை அக்காவின் தோளைத் தட்டினார். அக்கா தலையாட்டினாள்.

விடுமுறை விடுகிற அன்று வேனில் ஏற்றும்போது வக்கீல் கேட்டாள். "அடுத்த… வருஷம்… எங்க?"

"ரெண்டாம் வகுப்புக்குப் போட்டிருக்காங்க."

வக்கீல் யோசித்தாள். அக்கா காத்திருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"பாவம்."

"யாரு, நானா?"

"அந்தப்… பிள்ளை."

அக்கா சிரித்துவிட்டாள். வேன் கதவைச் சாத்தினாள். உள்ளே வாயாடி ஏற்கெனவே வக்கீலிடம் ஏதோ ஆரம்பித்திருந்தாள், வேன் திரும்பும்வரை இரண்டு பேரும் வெளியே பார்க்கவில்லை.

விடுமுறையின் முதல் திங்கட்கிழமை அக்கா குளித்து, புடவை கட்டி, பையை எடுத்துக்கொண்டு தெருவில் பாதி தூரம் போன பிறகுதான் நினைவு வந்தது. இருந்தும் திரும்பவில்லை. பள்ளி வாசல் வரை போனாள். கேட்டில் பூட்டு தொங்கியது. உள்ளே வாட்ச்மேன் சருகுகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார்.

"லீவும்மா" என்றார். "தெரியாதா?"

"தெரியும்."

"ஏதாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?"

இல்லை என்றாள் அக்கா. அவர் கூட்டுவதைத் தொடர்ந்தார். அவர் குவித்ததில் பாதியைக் காற்று மறுபடி பரப்பிவிட்டது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு, வெயில் ஏறுவதற்குள் போகலாம் என்று, வந்த வழியே வீட்டுக்கு நடந்தாள்.